எங்கள் மியாட்டா ஓடுகிறது: கை கொடுத்த எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் சிவப்பு மியாட்டா சேஃப்டி பரிசோதனையில் தேறி, இலக்கத்தகடு பூட்டி, ரொறன்ரோ ஸ்காபரோவிலுள்ள வீட்டு வாசலிலிருந்து தானாகவே உருண்டு வீதிக்கு இறங்கியது. பதினெட்டு மாதம் கராஜுக்குள் ஸ்டாண்டின் மேல் நின்ற கார். அன்றிரவே ஒவ்வொருவராக அழைத்து நன்றி சொல்லத் தொடங்கினேன், தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. அதனால்தான் இந்த மடல். யார் என்ன செய்தீர்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெயர் போடவில்லை, வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

தெரியாதவர்களுக்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம். 1989இல் சிக்காகோ கார்க் கண்காட்சியில் மஸ்டா அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை மியாட்டா, எங்களுடையது 1991ஆம் ஆண்டுக் கார். ஹிரோஷிமாவில் செய்தது, 1.6 லீற்றர் எஞ்சின், 116 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு, துணிக்கூரை, விளக்கைப் போட்டால் இரண்டு கண்ணும் மேலே எழும். வேகத்துக்காக இதை வாங்கவில்லை. இன்றைய கார்களில் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் மட்டும்தான் தெரிகிறது, இதில் பெரும்பாலான பாகங்களைக் கையால் தொட முடியும், வீட்டில் வைத்துத் திருத்தப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பது என் எண்ணம்.

முதல் நன்றி இதை எனக்கு விற்ற அம்மையாருக்கு. ஒரு பிஸ்கட் டின் நிறைய பில் வைத்திருந்தார், முதல் ஒயில் மாற்றியதிலிருந்து கடைசியாக வாங்கிய வைப்பர் வரைக்கும். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை 92,000 கிலோமீற்றரில் மாற்றியதாக அதில் இருந்தது, மீற்றரோ 1,84,000 காட்டியது, ஆக அடுத்த பெல்ட் மாற்றும் தூரம் வந்துவிட்டது என்று ஊகமில்லாமல் தெரிந்தது. பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாத எஞ்சின் இது, ஆனாலும் நெடுஞ்சாலையின் நடுவில் நின்றுபோக யாருக்கு விருப்பம்? விற்ற பிறகும் இரண்டு தரம் அழைத்து, கார் எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளையை விசாரிப்பதுபோல் விசாரித்தீர்கள் அம்மா. அது எனக்குப் பெரிய தெம்பு.

அப்புறம் மூன்றாம் வீட்டு அண்ணை. உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், தடுக்காதீர்கள்.

இரண்டாவது வாரம், ஜக்கால் காரைத் தூக்கிவிட்டு நான் கீழே படுத்துக் கிளச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்து போனவர் உள்ளே வந்து என் காலைப் பிடித்து இழுத்தார். "தம்பி, முதலில வெளியில வாரும். ஜக் தூக்கிறதுக்கு மட்டும்தான், தாங்கிறதுக்கில்லை" என்றார். வீட்டுக்குப் போய்த் தன்னுடைய நான்கு ஸ்டாண்டைக் கொண்டு வந்து, சரியான இடத்தில் வைத்து, காரைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் திரும்பக் கீழே போக விட்டார். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் டிப்போவில் பஸ் திருத்தியவர் என்று அன்றுதான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு அவர் வராத ஞாயிறு குறைவு.

காருக்கு இழுவை இல்லை. வாங்கிய புதிதில் ஒரு கராஜில் காட்டியபோது எஞ்சின் முடிந்தது, வேறு எஞ்சின் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணை எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் குனிந்து, எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் சுழலும் கப்பியையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பி மிக மெல்லிதாகத் தள்ளாடியது. 1990, 1991 தொடக்கத்துக் கார்களில் கிராங்கின் முன்மூக்கு குட்டையானது, கப்பியின் நடுவில் நான்கு வெட்டு இருந்தால் அந்த வகை. கப்பியைப் பிடிக்கும் போல்ட்டைப் போதிய இறுக்கம் இல்லாமல் யாராவது பூட்டிவிட்டால், உள்ளே டைமிங் பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சாவித்துண்டு ஆடி ஆடித் தன் பள்ளத்தையே தின்னும், டைமிங் பிசகும், வலு போகும். எங்களுடையது தின்னத் தொடங்கியிருந்தது, முழுக்கத் தின்னவில்லை. பள்ளத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, இடைவெளியை நிரப்பி இறுகும் பசை தடவி, புதுச் சாவித்துண்டு, புதுப் போல்ட், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் கைநூல் சொன்ன அளவுக்கு இறுக்கம். பசை காய ஒரு நாள் முழுக்க விட வேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார், நான் அன்றைக்கே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத் துடித்தேன்.

அந்த மாலை தேநீரோடு நீங்கள் சொன்ன கதை மறக்காது அண்ணை. 90களில் யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராதபோது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்ற பழைய கார்களைச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது, உதிரிப்பாகம் இல்லாத ஊரில் ஒரு போல்ட்டைக்கூட எறியாமல் கழுவி எடுத்து வைத்தது. என் கழற்றிய போல்ட்டுகளை நீங்கள் ஏன் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிய பைக்குள் போட வைத்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் உப்பு வீதிகளில் ஓடிய கார், பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள அடிவிளிம்பு இரண்டு பக்கமும் உளுத்திருந்தது. நான் ஓட்டை அடைக்கும் புட்டிப் பசையும் பெயின்ரும் வாங்கி வைத்துவிட்டேன். "தண்ணி எதால வருது எண்டு தெரியாமல் பூசினா அடுத்த மாரிக்குள்ள திரும்ப வெடிக்கும்" என்று அண்ணை மறித்து, கூரையின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொன்னார். கால்மணி நேரத்தில் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் நனைந்தது. துணிக்கூரையின் தண்ணீர், சீட் பெல்ட் தூணுக்கு அருகே இருக்கும் இரண்டு சின்னத் துளைகளால் குழாய் வழியே காருக்கு அடியில் போக வேண்டும். அந்தத் துளைகள் பைன் ஊசியிலையாலும் சேற்றாலும் அடைத்திருந்தன. புல்வெட்டியில் போடும் தடித்த நைலோன் நரம்பை விட்டு மெல்ல மெல்ல எடுத்தோம். துளைக்குள் காற்றடித்தால் குழாய் கழன்றுவிடும், யாரும் அதைச் செய்யாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் வெல்டிங். தன் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு இயந்திரத்தோடு வந்த நண்பருக்கு என்ன சொல்வது? பற்றரியைக் கழற்று, கம்பளத்தை எடு, பெற்றோல் தாங்கி பக்கத்தில் இருக்கிறது, ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும் என்று சொல்லி, நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, புதுத்துண்டு வைத்து, மூன்று இரவு ஒட்டித் தந்தீர்கள். கூலி என்று நான் நீட்டியதில் தகரத்துக்கும் வாயுவுக்கும் ஆன காசை மட்டும் எடுத்தீர்கள். துரு பிடிக்காமல் உள்ளே மெழுகு அடித்திருக்கிறேன், நீங்கள் சொன்னபடி வருடா வருடம் அடிப்பேன். தீயணைப்பானோடு மூன்று இரவும் நின்றது என் மனைவி. கராஜ் குளிரில், கம்பளிக்குள், ஒரு தரமும் முணுமுணுக்காமல்.

இனி அம்மா. கிளச்சை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் கீழ்ச் சிலிண்டர் ஒழுகி, மிதி தரைக்குப் போய்விட்டது. புதுசு பூட்டிய பிறகு எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுக்க ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. 68 வயது அம்மா சேலையோடு அந்தத் தாழ்ந்த இருக்கையில் இறங்கி உட்கார்ந்து, நான் "அமத்துங்கோ" என்றால் அமத்தி, "பிடியுங்கோ" என்றால் பிடித்து, நான் பூட்டிவிட்டு "விடுங்கோ" என்னும்வரை காலை எடுக்காமல், நாற்பது தரத்துக்கு மேல் செய்தார். இடையில் ஒரு தரம், போத்தலில் எண்ணெய் குறைகிறது, ஊற்று என்று இறங்கிப் பார்த்து எச்சரித்ததும் அம்மாதான். கவனிக்காமல் விட்டிருந்தால் திரும்பவும் காற்று உள்ளே போயிருக்கும், முழு வேலையும் முதலிலிருந்து.

பக்கத்து வீட்டுக்காரர்களே, ஞாயிறு காலைகளில் சுத்தியல் சத்தத்தைப் பொறுத்ததற்கும், வழியில் கிடந்த டயர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாததற்கும் நன்றி.

காரில் இருப்பது இரண்டே இருக்கை, அதனால் ஒவ்வொருவராகத்தான் ஏற்றிக்கொண்டு போக முடியும். முதல் சுற்று அம்மாவுக்கு, கூரையைத் திறந்து, கிங்ஸ்ரன் வீதியால் புளஃபர்ஸ் பூங்கா ஏரிக்கரை வரை போய் வந்துவிட்டோம். அடுத்தது அண்ணை. உங்கள் டோர்க் ரென்ச்சும் நான்கு ஸ்டாண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கொண்டு வருகிறேன். ஓட்டப் போவது நீங்கள்.