அட்டவணை போட்டவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

யூதவியல் துறைகளின் விருதுக் குழுக்களிலும் பதவி உயர்வுக் குழுக்களிலும் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் பல வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு வணிகரின் கடிதங்களை வகுப்புக்கு எடுத்துப்போவேன். அவர் பெயர் ஆபிரகாம் பென் யீஜூ. துனீசியாவின் மஹ்தியா ஊரைச் சேர்ந்த யூதர். 12ஆம் நூற்றாண்டில் ஏமனின் ஏடன் துறைமுகம் வழியாக மங்களூருக்கு வந்து, அங்கே வெண்கலப் பட்டறை நடத்தி, மிளகும் பாக்கும் இரும்பும் கப்பலேற்றியவர். ஆஷு என்ற அடிமைப் பெண்ணை 1132 அக்டோபரில் மங்களூரில் விடுதலை செய்த பத்திரம் இன்றைக்கும் இருக்கிறது. 1149இல்தான் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். இங்கே நல்ல காகிதம் கிடைப்பது அரிது என்பதால் ஏடனிலிருந்த நண்பர்கள் அவருக்குக் காகிதம் அனுப்புவார்கள். வந்த கடிதத்தின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் அவர் தன் கணக்கையும் குறிப்பையும் எழுதி வைப்பார்.

இதைச் சொன்னதும் எந்த வருடத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சார், இந்தக் காகிதமெல்லாம் எப்படிக் கிடைச்சது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் துறை எனக்கு நெருக்கமானது. இந்த மடலை எழுதுவதும் அதனால்தான். ஆண்டு முடியும்போது உங்கள் துறைகள் ஒவ்வொன்றும் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. யார் எந்தப் புத்தகம் எழுதினார், யார் எங்கே உரையாற்றினார், யாருக்கு எந்த விருது, எந்த நல்கை என்று. நான் அவற்றை விரும்பிப் படிக்கிறவன். ஆனால் என் மாணவர்களின் கேள்விக்குப் பதிலாக இருக்கும் மனிதர்களை அந்தப் பட்டியல்களில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத் பகுதியில், பென் எஸ்ரா தொழுகைக்கூடம் இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது யூதர் வழக்கம். அப்படிப்பட்ட தாள்களைப் போட்டுவைக்கும் இடத்துக்குக் கெனிசா என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் எபிரேய எழுத்தில் இருந்த எல்லாவற்றையுமே அங்கே போட்டார்கள். கணக்கு, கல்யாண ஒப்பந்தம், பள்ளிப் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி, கடன் பத்திரம், கவிதை, மளிகைச் சீட்டு. ஏறக்குறைய ஆயிரம் வருடக் குவியல். பென் யீஜூவின் கடிதங்களும் அந்தக் குவியலில்தான் கிடந்தன.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கீழை நாட்டுப் பயணத்தில் வாங்கிவந்த ஏடுகளில் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். அது பென் சீரா என்ற பழைய யூத ஞான நூலின் எபிரேய மூலம் என்று அவர் கண்டுகொண்டார். பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்த மூலம் அது. அதன் பிறகுதான் ஷெக்டர் கெய்ரோவுக்குப் போனார். தூசியில் நாள்கணக்காக நின்று உடல்நலம் கெட்டாலும், ஏறக்குறைய 1,93,000 துணுக்குகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தச் சகோதரிகளுக்குக் கேம்பிரிட்ஜ் எந்தப் பட்டமும் தரவில்லை. தரவும் முடியாது, ஏனென்றால் 1948 வரை பெண்களுக்கு அங்கே முழுப் பட்டம் கிடையாது. ஹைடல்பெர்கும் செயின்ட் ஆண்ட்ரூஸும் டப்ளினும் அவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. குடியிருந்த ஊரில் தெருவில் நடந்துபோன இரண்டு பேரறிஞர்களை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விதி பார்க்கவிடாமல் செய்தது. விதிகள் யாரை மறைக்கின்றன என்று அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, துணுக்குகள் வந்துவிட்டன. அப்புறம்? ஷெக்டர் 1902இல் நியூயார்க் போய்விட்டார். எர்னெஸ்ட் வர்மன் என்ற நூலகப் பணியாளர் பொறுமையாகக் கைப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். 1909இல் இளவயதிலேயே இறந்துபோனார். பயனில்லாதவை என்று அந்தக் காலத்தில் ஒதுக்கிய பெட்டிகள் 1950களில்தான் மறுபடி திறக்கப்பட்டன. 1974இல் ஸ்டீஃபன் ரீஃப் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கெனிசா ஆய்வுப் பிரிவைத் தொடங்கிய பிறகே துணுக்குகளைச் சீர்செய்வதும் எண்ணிடுவதும் பட்டியலிடுவதும் முறையாக நடந்தன. பென் யீஜூவின் கடிதத்தை நான் வகுப்பில் படிக்க முடிந்தது இப்படிப்பட்ட கைகளால்தான். அந்தக் கைகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

ஒருவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். கெனிசாத் தாள்களை வைத்து வரலாறு எழுதிய ஷெலோமோ டோவ் கோய்ட்டைன். 1900இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1923இல் அவரும் யூத மறைஞானத்தை ஆய்ந்த கெர்ஷோம் ஷோலெமும் ஒரே கப்பலில் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். கோய்ட்டைன் ஹைஃபாவில் பள்ளி ஆசிரியரானார். ஷோலெம் எருசலேமில் நூலகத்தில் எபிரேயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். உங்கள் துறையின் இரண்டு பெருந்தூண்களும் வகுப்பறையிலும் நூலக அலமாரிக்கு நடுவிலும்தான் தொடங்கினார்கள். யூத நூல்களைப் பிரித்து அடுக்க ஷோலெம் அன்று செய்த வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1958இல் அவருக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. அவர் எழுதிய நூல்களைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் உண்டு. அந்த வகைப்பாட்டைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

கோய்ட்டைனின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். இந்திய வணிகம் பற்றிய கடிதங்களைத்தான் அவர் முதலில் தொகுக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரம் போனதும் ஒன்று புரிந்தது. இந்த வணிகர்களின் ஊர், வீடு, சட்டம், கூட்டு வியாபாரம் எதுவும் தெரியாமல் அவர்களுடைய இந்தியப் பயணம் விளங்காது. இந்தியப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு 'மத்தியத்தரைக்கடல் சமூகம்' என்ற நூலை எழுதப் போனார். முதல் தொகுதி 1967இல் வந்தது. ஐந்தாம் தொகுதி அவர் இறந்த பிறகு 1988இல். அதற்குள் 1983இல், 83 வயதில், அமெரிக்காவின் மெக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. மிகச் சரியான ஆளுக்குப் போன கௌரவம் அது.

ஆனால் ஆறாம் தொகுதியைப் பாருங்கள். 1993இல் வந்த அது முழுக்க முழுக்கச் சொல்லடைவு. பாலா சாண்டர்ஸ் அதில் உழைத்தார். அந்த ஐந்து தொகுதிகளைப் பயன்படுத்திய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆறாவது இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் கதவில்லாத வீடு மாதிரி, நுழையவே வழியிருக்காது. கோய்ட்டைன் தன் கையால் எழுதிய குறிப்பு அட்டைகள் மட்டும் 20,000-க்கும் மேல். 1980களின் நடுவில் பிரின்ஸ்டனில் ஆபிரகாம் உடோவிச்சும் மார்க் கோஹெனும் தொடங்கிய கெனிசா திட்டத்தில், அவர் படித்து எழுதிவைத்த வாசகங்களைக் கணினியில் ஏற்றினார்கள். மங்களூர்க் கடிதங்கள் அடங்கிய இந்தியப் புத்தகத்தை டெல் அவீவின் மொர்தகாய் அகிவா ஃப்ரீட்மன் தொடர்ந்து, விரிவாக்கி, 2008இல் வெளிக்கொண்டுவந்தார். ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவர் எடுத்து, தன் ஆயுளில் பல வருடங்களை அதில் போட்டார். இப்படி ஒருவர் வேலைக்காக இன்னொருவர் உழைத்த ஆண்டுகளை உங்கள் பதவி உயர்வுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதில் எனக்குச் சொந்த வருத்தமும் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சக ஆசிரியர் பத்து வருடம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளுக்கு அட்டவணை தயாரித்தார். பதவி உயர்வு நேர்காணலில் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஆய்வு எங்கே?" என்று கேட்டார்களாம். அன்று சாயங்காலம் அவர் என் அறையில் வந்து உட்கார்ந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அவருக்குப் பிறகு எங்களில் யாரும் அந்த வேலையைத் தொடவில்லை. கௌரவம் எங்கே போகிறதோ அங்கேதான் இளைய ஆட்கள் போவார்கள்.

இதை உங்களிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாற்காலி மறுக்கப்படுவது என்னவென்று உங்கள் துறைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்தத் துறைக்கும் தெரியாது. யூதவியலின் முன்னோடி லியோபோல்ட் சுன்ஸ் 1848இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் இருக்கை கேட்டார். மறுத்துவிட்டார்கள். மோரிட்ஸ் ஷ்டைன்ஷ்னைடர் ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்து எபிரேய அச்சு நூல்களுக்கு 1852 முதல் 1860 வரை வெளிவந்த அட்டவணையைச் செய்தார். எபிரேய நூலடைவியல் என்ற படிப்பே அவரோடுதான் நிமிர்ந்து நின்றது. அவர் பெர்லினில் யூதப் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியும் அரச நூலகத்தில் உதவியாளராக இருந்தும் வாழ்ந்தார். பல்கலைக்கழக இருக்கை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1925இல் ஹார்வர்டில் ஹாரி வுல்ஃப்சனுக்கும் 1930இல் கொலம்பியாவில் சாலோ பேரனுக்கும் கிடைத்த இருக்கைகளுக்குக் கீழே சுன்ஸின் மனுவும் ஷ்டைன்ஷ்னைடரின் அட்டவணையும் இருக்கின்றன. இன்று இருக்கைகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஷ்டைன்ஷ்னைடர் இன்று விண்ணப்பித்தால் உங்கள் குழு அவரை என்ன செய்யும்? இதை மனதாரக் கேட்கிறேன்.

எங்கள் கடற்கரையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழியில், ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கிய உரிமைகள். சாட்சிக் கையெழுத்துகள் கூஃபி அரபு எழுத்தில் சில, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் சில, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சில. இந்த ஒரு செப்பேட்டை முழுவதும் படிக்க நான்கு துறை ஆட்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தனி ஒருவர் பெயருக்கு மட்டுமே விருது என்றால் அந்த மேசையை யார் கூட்டுவார்?

கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டுகளும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மலையாளத்தில் கையால் எழுதிவைத்துக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய பாட்டுகள். இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் கூடவே போயின. பார்பரா ஜான்சன் போன்றவர்கள் அவற்றைத் தேடித் தேடிப் படியெடுத்தார்கள். ஸ்கறியா ஸக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் பாட்டுகளைப் பதிப்பித்து எபிரேய மொழிபெயர்ப்போடு 2005இல் எருசலேமில் வெளியிட்டார்கள். கொச்சியில் பிறந்து இஸ்ரேலில் கிபுட்ஸ் என்ற கூட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்த ரூபி டேனியல், பேராசிரியர் யாரும் சொல்லித்தர முடியாத பொருளையெல்லாம் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்து, பாட்டுகளை மொழிபெயர்த்தார். மலையாளப் பேராசிரியரும் எபிரேய ஆய்வாளரும் பாட்டை அறிந்த பெண்ணும் சேர்ந்தால்தான் இது யூதவியல் ஆகிறது. ஆண்டுப் பட்டியலில் அந்த மூவருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

உங்களிடம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. யூத நூலகர்கள் சங்கம் நூலடைவுக்கும் நோக்குநூலுக்கும் விருது தருகிறது. நெகாமா லைபோவிட்ஸுக்கு 1956இல் இஸ்ரேல் பரிசு கொடுத்தது கல்விப் பணிக்காக. அவர் 1942 முதல் வாராவாரம் யூத வேதமான தோராவைப் பற்றிய கேள்வித்தாள் தயாரித்து அஞ்சலில் அனுப்புவார். வந்த விடைகளை ஒவ்வொன்றாகத் திருத்தித் திருப்பி அனுப்புவார். கடைக்காரர், படைவீரர், கிபுட்ஸ்காரர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவர் கல்லறையில் பெயரோடு "ஆசிரியை" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது, அவரே அப்படி விரும்பியதால்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். யூதவியல் ஆய்வுச் சங்கம் புத்தகங்களுக்குத் தரும் விருதுகளுக்குச் சமமான மதிப்போடு, அட்டவணைக்கும் பதிப்புக்கும் தரவுத்தளத்துக்கும் ஒரு விருது வையுங்கள். அதைக் குழுவாக வாங்கலாம் என்று விதியிலேயே எழுதுங்கள். கெனிசா ஆட்கள் "ஜாயின்" என்பார்களே, ஒரே கடிதத்தின் கிழிந்த பாதி கேம்பிரிட்ஜிலும் மறுபாதி நியூயார்க்கிலோ செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலோ இருப்பதைக் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்து ஒட்டுவது, அதைப் பதவி உயர்வில் கண்டுபிடிப்பாகவே கணக்கில் எடுங்கள். சில வரிக் குறிப்புத்தான் அச்சில் வரும். ஆனால் அந்தச் சில வரிக்குப் பின்னால் ஒருவர் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைக் கண்ணில் ஏற்றியிருக்கிறார். எபிரேய எழுத்தில் எழுதும் அரபான யூத-அரபு மொழியை மூன்று மாணவருக்குச் சொல்லித்தரும் ஆசிரியரின் வகுப்பை, ஆள் குறைவு என்று மூடிவிடாதீர்கள். அடுத்த பென் யீஜூ கடிதத்தைப் படிக்கப்போவது அந்த மூவரில் ஒருவர்தான். விருது மேடையில் நூலகப் பாதுகாப்பாளரின் பெயரையும் உரக்க வாசியுங்கள்.

வரும் ஆண்டின் பட்டியலைத் தயாரிக்க உட்காரும்போது, உங்கள் துறை நூலகத்தில் துணுக்குகளுக்கு எண் போடுகிறவரையும் அழைத்து, இந்த வருடம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அவர் சொல்வதை அப்படியே பட்டியலில் சேருங்கள். என் பழைய மாணவர்களில் சிலர் இப்போது வரலாறு சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதை அவர்களுக்கு அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்