ஜேனட் ரவுலி விண்ணப்பித்தால் நிதி தருவீர்களா?

ஆராய்ச்சி நிதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். விண்ணப்பப் படிவங்களில் நீங்கள் விடாமல் கேட்பவை இரண்டு. முழுநேரப் பணியில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள்? மூன்று ஆண்டுகளில் நோயாளிக்கு என்ன பயன் கிடைக்கும்? இரண்டுக்கும் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரவுலியிடம் உங்களுக்குப் பிடித்த பதில் இருந்திருக்காது.

நான்கு மகன்களை வளர்த்தபடி பல ஆண்டுகள் பகுதிநேரமாகவே பணியாற்றியவர் அவர். செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெட்டி அடுக்குவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளிடம் குட்டையான குரோமோசோம் ஒன்று இருப்பதை பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் 1960-லேயே கண்டிருந்தனர். குறைந்த துண்டு தொலைந்துபோனது என்றே பலரும் எண்ணினர். அது தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருக்கிறது, இரு குரோமோசோம்களின் துண்டுகளும் இடம் மாறியிருக்கின்றன என்று 1973-ல் சிகாகோவிலிருந்து காட்டியவர் ரவுலி. அப்போது அவர் கையில் எந்த மருந்தும் இல்லை. மருந்துக்கான யோசனைகூட இல்லை.

அந்த இடமாற்றத்தில் பிசிஆர் (BCR), ஏபிஎல் (ABL) என்னும் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன என்பது 1980-களில்தான் தெளிவானது. ஒட்டுமரபணு உருவாக்கும் நொதி, செல்லைப் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஏவுகிறது. அதன் வாயை அடைக்கும் இமாடினிப் என்னும் மருந்து 1998-ல் சோதனையாக நோயாளிகளைச் சென்றடைந்தது. அதுவரை தரப்பட்ட இன்டர்ஃபெரான் மருந்து பலிக்காதவர்களில் தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001-ல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ரவுலியின் 1973 கண்டுபிடிப்பிலிருந்து கணக்குப் போட்டால் 28 ஆண்டுகள். செல்லில் கெட்டுப்போனதைக் குறிவைத்துத் தாக்கும் இலக்கு சிகிச்சைக்கு எடுத்துக்காட்டாக உங்கள் ஆண்டறிக்கைகளே இந்த மாத்திரையைத்தான் கொண்டாடுகின்றன என்பது வேடிக்கை.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது உங்கள் கடமை, கேளுங்கள். மருந்தை நெருங்கிவிட்ட ஆய்வுக்கு மூன்றாண்டுக் கெடு பொருந்தும். செல்லுக்குள் என்ன கெட்டுப்போனது என்றே தெரியாத கட்டத்தில் அதே கெடுவை வைத்தால், விண்ணப்பதாரர் பொய்யான வாக்குறுதி எழுதக் கற்றுக்கொள்வார். நாங்கள் கற்றுக்கொண்டும்விட்டோம்.

ஆகவே, அடிப்படை ஆய்வுக்கான படிவத்திலிருந்து அந்தப் பயன் கேள்வியை எடுத்துவிடுங்கள். அனுபவத்தை உண்மையில் உழைத்த காலத்தைக் கொண்டு அளவிடுங்கள். பிள்ளை வளர்த்த ஆண்டுகளைக் குறையாக எண்ணாதீர்கள். அடுத்த அழைப்பு வெளியாகும் முன் உங்கள் முடிவை எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய் மரபியல் ஆய்வாளர் ஒருவர்