களைக்கொல்லியும் நரம்பு நலமும்

ஐயா,

பாராகுவாட் களைக்கொல்லி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, அதைக் குடித்து உயிரிழப்போரைப் பற்றி மட்டுமே பேசியது. தெளிப்பவர்களின் நரம்பு நலனும் பேசப்பட வேண்டும். இம்மருந்து கலந்த உணவை உண்ட பழ ஈக்கள், அவற்றை வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயைத் தட்டியதும் வழக்கம்போல் மேலே ஏற முடியாமல் அடியிலேயே தடுமாறுவதையும், அவற்றின் மூளையில் உடல் அசைவைச் சீராக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கைகால் நடுங்கி, அசைவுகள் தளரும் பார்க்கின்சன் நோயில் மனிதர் இழப்பதும் அதே வகை அணுக்களைத்தான். ஈயும் மனிதரும் ஒன்றல்ல என்பது சரியே. ஆனால், பாராகுவாட்டைக் கையாண்ட அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களிடமும் அந்நோய் கூடுதலாக இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

எங்கள் பகுதியில், முதுகில் சுமக்கும் தெளிப்பான் கசிந்து சட்டை நனைந்த பின்பும் மாலைவரை மருந்தடிப்பவர்களைப் பார்க்கிறேன். இக்களைக்கொல்லியைத் தடை செய்வது குறித்த முடிவு எதுவாயினும், இவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆண்டுதோறும் நரம்புப் பரிசோதனை செய்ய அரசு உத்தரவிட வேண்டும்.

- வாசகர், தேனி மாவட்டம்