குழாயில் பால் இறங்கும் நேரம்

அன்பு மகனுக்கு,

பெற்றவர்களைத் தவிர வேறு யாரையும் உன் மகள் இருக்கும் குறைமாதப் பிள்ளைகள் வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறேன். போனில் சொன்னால் களைப்பில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைக்கும்போது நிதானமாகப் படி.

"தாதி வந்து சிரிஞ்சில் பாலை ஊற்றுகிறார், அது தானா இறங்குது, நான் ஓரமா நிக்கிறேன். எனக்கு அங்க என்னம்மா வேலை?" என்று நேற்றுக் கேட்டாயே, அது என் மனசை விட்டுப் போகவில்லை. உனக்கு வேலை இருக்கிறது, தம்பி. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில் இறங்கினாலும் அது உன் மகளுடைய சாப்பாட்டு வேளை. பிள்ளை சாப்பிடும்போது அப்பன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் குறைமாதப் பிள்ளைகளோடு தாதியாக இருந்தவள் சொல்கிறேன், கேள்.

அவள் கர்ப்பத்தின் 29 வாரத்தில் பிறந்தவள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று கூடிவர அதே கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரமாவது ஆகும். அதற்கு முன்னால் வாயில் கொடுத்தால் புரையேறிவிடும். குழாய் அதற்குத்தான். மூக்கில் அதைப் பார்த்து மருமகள் அழுகிறாள் என்றாய். அவளிடம் இதைச் சொல்: சக்தியெல்லாம் உறிஞ்சுவதிலேயே தீர்ந்து போகாமல் பிள்ளை வளர்வதற்கு அந்தக் குழாய்தான் துணை.

இப்போது உடம்புக்கு வருகிறேன். கடைசி மூன்று மாதம் வயிற்றுக்குள் இடமில்லாமல் சுருண்டு கிடந்துதான் பிள்ளைக்குக் கைகால் மடங்கிப் பழகும். இவளுக்கு அந்த மூன்று மாதம் கிடைக்கவில்லை. தசையிலும் வலு இல்லை. மல்லாக்கப் போட்டால் கால் தவளை மாதிரி விரிந்து படுக்கையில் ஒட்டிவிடும், கை இரண்டும் பக்கத்தில் விழுந்துவிடும். அப்படிக் கிடக்கும் பிள்ளை தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள முடியாமல் தவிக்கும். துணியைச் சுருட்டி அவளைச் சுற்றி அணைகட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். பால் இறங்க ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை பார். முழங்கால் மடிந்திருக்கிறதா, பாதம் துணியில் முட்டிக்கொண்டிருக்கிறதா, கை வாய்க்குப் பக்கத்தில் வருகிறதா, முகவாய் நெஞ்சில் அழுந்தாமல் கழுத்து நேராக இருக்கிறதா. அவள் மூச்சுக்குழாய் அவ்வளவு மெல்லியது, கழுத்து கொஞ்சம் மடங்கினாலே மூச்சு அடைபடும்.

டயப்பரையும் பார். இடுப்பில் இறுக்கினால் வயிறு மேலே தள்ளி மூச்சை நெருக்கும். அதை மாற்றுவதாக இருந்தால் பாலுக்கு முன்னால் மாற்றச் சொல். நிறைந்த வயிற்றோடு காலைத் தூக்கினால் உள்ளே போனது மேலே வரும். இது சின்ன விஷயம் இல்லை.

எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று கேட்டாய். வலப்பக்கம் படுத்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகும், ஆனால் பால் எதுக்களிப்பது கூடும். இடப்பக்கம் படுத்தால் எதுக்களிப்பது குறையும். குப்புறப் படுத்தால் இரண்டுக்கும் நல்லது, நெஞ்சுக்கூடும் அசையாமல் நின்று மூச்சு சீராக வரும். அதனால்தான் அங்கே அடிக்கடி குப்புறப் போடுகிறார்கள். முதல் மூன்று நாள் தலையைத் திருப்பாமல் நேராகவே வைத்திருந்தார்களே, அது மூளையில் ரத்தக்கசிவு வந்துவிடக் கூடாது என்று. இதில் எது அவளுக்கு எப்போது சரி என்பதைத் தாதியும் டாக்டரும்தான் முடிவு செய்வார்கள். நீயாகத் திருப்பாதே. "இன்னைக்கு ஏன் இந்தப் பக்கம்?" என்று கேள். அப்பா கேட்டால் எந்தத் தாதியும் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகத்தான் சொல்லித் தருவார்.

சிரிஞ்சில் அழுத்தும் தண்டு இருக்காது, கவனித்திருப்பாய். அழுத்தித் தள்ளினால் சின்ன இரைப்பை திடீரென்று விரிந்து இதயத்துடிப்பே இறங்கிப் போகலாம். வெறும் குழலைப் பிடித்துக்கொண்டு, பாலைத் தன் எடையில் இறங்க விடுவார்கள். கை உயர்ந்தால் வேகம், தாழ்ந்தால் மெதுவு. போவது பத்துப் பதினைந்து மில்லிதான். அதற்கு இருபது நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

அந்த நேரத்தில் உன் கண் மானிட்டரில் இருக்க வேண்டாம், அவள் மேலேயே இருக்கட்டும். எண் மாறுவதற்கு முன்னால் பிள்ளையே சொல்லிவிடும். விரல் ஐந்தும் விறைத்து விரியும். உள்ளங்கையைக் காட்டிக் கை மேலே எழும். நெற்றி சுருங்கும், முதுகு வில்லாக வளையும், விக்கல் வரும், தொடர்ந்து கொட்டாவி விடும், வாயைச் சுற்றி நிறம் மங்கும். குறைமாதப் பிள்ளை சும்மா கொட்டாவி விடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதே, பல நேரம் அது "போதும், கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்பதுதான். 1980களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹைடலிசா அல்ஸ் என்ற உளவியலாளர் இதையெல்லாம் பிள்ளையின் பேச்சாக எடுத்துக்கொண்டு அதற்கேற்ப வேலையை மாற்றச் சொன்னார். நான் சேர்ந்த காலத்தில் வார்டில் ராப்பகலாக விளக்கு எரியும், நேரமானால் பால். இன்றைக்குப் பிள்ளை முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார்கள். தாதிக்குப் பல பிள்ளைகள், உனக்கு ஒருத்திதான். நீ பார்த்ததைச் சொன்னால் அவர் குழலைத் தாழ்த்துவார்.

கை வைப்பதைப் பற்றி. முழங்கை வரை கழுவி, உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள். ஒரு கையைத் தலையில் கவித்து வை, இன்னொரு கையால் மடிந்த காலையும் பாதத்தையும் சேர்த்து அணைத்துக்கொள். அப்படியே அசையாமல் வைத்திரு. தடவாதே, தட்டாதே. நமக்குத்தான் அது கொஞ்சல், அவள் தோலுக்கு அது தொல்லை. கையை எடுக்கும்போதும் ஒவ்வொன்றாக, மெதுவாக எடு. தாதி சரி என்றால் குட்டி சூப்பானை வாயில் வைக்கச் சொல். பால் குழாயில் இறங்கும்போதே சூப்பப் பழகிய பிள்ளைகள் சீக்கிரம் வாயால் குடிக்க வருகிறார்கள்.

இன்னும் நல்லது, நெஞ்சில் போட்டுக்கொண்டே பால் கொடுக்க முடியுமா என்று கேட்பது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல்தான் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அப்படி வைத்திருக்கச் சொன்னது. நெஞ்சில் நிமிர்ந்தாற்போலச் சாய்ந்து கிடக்கும்போது கைகால் தானாக மடங்கும், உன் மூச்சின் ஏற்ற இறக்கமும் அவளுக்குத் தெரியும். அப்பன் நெஞ்சும் நெஞ்சுதான். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போ, சென்ட் அடிக்காதே.

மருமகளுக்குப் பால் குறைவாக வருகிறதே என்று ஏக்கம் வேண்டாம். 2017இல் இங்கே சிங்கப்பூர் கேகே மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியதே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். வருகிற ஒவ்வொரு சொட்டையும் எடுத்துக் கொடுக்கட்டும், மிச்சத்துக்கு டாக்டரிடம் கேளுங்கள். தேக்கா சந்தையில் பால்சுறா கிடைத்தது. புட்டு செய்து வைத்திருக்கிறேன், வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்.

ஒன்றே ஒன்று. குப்புறப் போடுவதெல்லாம் மானிட்டர் இருக்கும் இடத்தில் மட்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தூங்குவது மல்லாக்கத்தான், தலையணை, துணி அணை எதுவும் இல்லாமல். அங்கே குப்புறப் படுத்துத்தானே நன்றாகத் தூங்கினாள் என்று யார் சொன்னாலும், பெரியவர்களே சொன்னாலும், கேட்காதே.

இப்படிக்கு,
அம்மா