இடிப்பறவையும் திமிங்கிலமும்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நடுவில் கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கிற டோஃபினோ என்ற கடற்கரை ஊருக்குப் போய்வந்தேன். மார்ச்சில் சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவிலிருந்து வடக்கே போகிற வழியில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடக்கும். படகிலிருந்து மூன்றைப் பார்த்தேன். கொஞ்சம் முதுகு, ஒரு மூச்சுப் புகை, அவ்வளவுதான். முழுத் திமிங்கிலத்தை மறுநாள் ஒரு சுவரில்தான் பார்த்தேன்.

அந்தக் கரையின் பூர்வகுடிகளான நூ-சா-நுல்த் மக்களில் இளம் கலைஞர் ஒருவர் செய்த ஸ்கிரீன் பிரிண்ட் அது, வலைத்துணி வழியே மை இழுத்து அச்சிட்ட படம். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? கல்யாணப் பத்திரிகைக்கு ராப்பகலாக மை இழுத்தவர்கள் நாம். கிட்டே போய்ப் பார்த்தேன். சிவப்பை முதலில் போட்டு, கறுப்பைக் கடைசியாக இழுத்திருக்கிறார்கள். சிவப்பின் ஓரத்தில் கறுப்பு ஒரு மயிரிழை ஏறி நிற்கிறது. எங்கும் பிசகவில்லை. நம் முதலாளி பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

படத்தில் இடிப்பறவை ஒன்று, இவர்கள் கதைகளில் இடியை உண்டாக்கும் பெரும் பறவை, திமிங்கிலத்தை நகத்தில் கவ்வித் தூக்குகிறது. இரு பக்கமும் மின்னல் பாம்புகள். அந்தப் பாம்புதான் பறவைக்கு ஈட்டியாம். இதைக் கேட்டதும் எனக்குப் படமே வேறாகத் தெரிந்தது. ஏனென்றால் இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திமிங்கிலம் பிடித்தவர்கள். தேவதாரு மரத்தைக் குடைந்த படகு, சிப்பி ஓட்டில் தீட்டிய முனை வைத்த ஈட்டி, குத்துப்பட்ட திமிங்கிலம் மூழ்காமலிருக்கக் காற்றடைத்த கடல்நாய்த் தோல். ஈட்டி எறியும் உரிமை தலைவனுக்கு. அவன் மாதக்கணக்கில் குளிர்ந்த நீரில் குளித்து, விரதமிருந்து, வேண்டிக்கொண்டுதான் கடலில் இறங்குவான். தான் கடலில் செய்வதையே வானத்துப் பறவையும் செய்கிறது என்று நம்பியவனின் படம் இது.

1700 ஜனவரி 26 இரவு இந்தக் கரையில் பெரும் நிலநடுக்கம் வந்து கடல் ஊர்களை வாரிக்கொண்டு போனது. பறவையும் திமிங்கிலமும் மோதியதால் நிலம் ஆடிக் கடல் ஏறியது என்று இங்கே கதை உண்டு. அந்தத் தேதியை உறுதிசெய்தது ஜப்பானில் எழுதிவைத்த சுனாமிக் குறிப்பு. ஆனால் அதை ஏடு பார்த்து அறியவேண்டிய நிலை இவர்களுக்கு இல்லை. பாட்டிமார் சொல்லிவந்த சேதி அது.

இதெல்லாம் முன்பு பலகையிலும், விருந்துச் சடங்கில் தொங்கவிடும் துணித் திரையிலும் தீட்டப்பட்டது. அந்தச் சடங்கையே 1885 முதல் 1951 வரை கனடா சட்டம்போட்டுத் தடுத்தது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் 1970களில் ஜோ டேவிட், ஆர்ட் தாம்சன் போன்ற இந்த மக்களின் கலைஞர்கள் ஸ்கிரீன் அச்சைக் கையிலெடுத்தார்கள். பல உருவங்கள் குடும்பச் சொத்து, உரிமையில்லாதவர் போடக்கூடாது. நாம் கிடைத்த பிள்ளையாரையெல்லாம் அச்சடித்துத் தள்ளினோமே, இங்கே அது நடக்காது. எனக்கு இந்தக் கட்டுப்பாடு மிகவும் சரியாகப் படுகிறது.

அந்தப் படத்தின் அஞ்சலட்டை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். லென்ஸ் வைத்து வால் பக்கம் பார். சிவப்பு எங்கே நிற்கிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மோகன்