சைவருக்கும் வரும் கண்புழு

ஆசிரியர் அவர்களுக்கு,

"நாங்கள் பன்றி இறைச்சி தொடுவதில்லை, எங்களுக்கு எப்படி நாடாப்புழு வரும்?" என்று எங்கள் ஊர்ச் சந்தையில் கீரை விற்கும் அக்கா கேட்டார். இந்த நம்பிக்கைதான் என்னை அச்சுறுத்துகிறது.

அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் குடலில் புழு வளரும். கண்ணையும் மூளையையும் கெடுப்பதோ அந்தப் புழுவின் முட்டை. புழுவுள்ள மனிதரின் மலத்தில் வெளியேறி, கழுவாத கை, கிணற்று நீர், பச்சைக்கீரை வழியாகச் சுத்த சைவரின் வாய்க்குள்ளும் அது போகும். முட்டையிலிருந்து வரும் குடம்பி இரத்தத்தோடு ஓடி விழித்திரைக்கு அடியில்கூடத் தங்கிவிடும்.

இது அடிக்கடி காணும் நோயன்று. ஆகவே, பார்வை மங்கியதும் புழுதான் என்று தாங்களே முடிவுகட்டிக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்! கண்ணுக்குள் குடம்பி செத்தால் எழும் அழற்சி பார்வையையே பறிக்கலாம். முதலில் கண் வைத்தியர் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையால்தான் அகற்றுவார்கள்.

வல்லாரையைச் சம்பலுக்கு அரியுமுன் ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். சந்தை மலசலகூடங்களில் தண்ணீரும் சவர்க்காரமும் எந்நாளும் இருக்கப் பொறுப்பானவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முல்லைத்தீவு மாவட்டம்.