டி.சி. எழுதுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. கிணற்று மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது, அதை அண்ணன் பார்த்துக்கொள்வான். போனில் பேசலாம் என்றால் "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. எழுதினால் நடுவில் வைத்துவிட முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும். அண்ணன் மகளை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பொறுத்துக்கொள்.

ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு முடிகிறது? இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடு. அந்தப் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்காதே. கணக்கு டீச்சர் எந்தப் பஸ்ஸில் போகிறாரோ அதிலேயே நீயும் போ.

போன மாதம் 26-ம் தேதி உங்கள் பள்ளி போதை ஒழிப்பு ஊர்வலப் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். வெயிலில் நீதான் முன்னால் நடக்கிறாய். அந்தப் பச்சைச் சேலை உனக்கு எடுப்பாக இருந்தது. அண்ணியிடம் காட்டினேன், பால்காரரிடமும் காட்டினேன். ஆனால் ஊர்வலத்தைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். நான் சத்துணவில் இருந்தபோதும் வருஷா வருஷம் நடந்தது. எந்தக் கடையில் எந்த டப்பாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தட்டி பிடித்துப் போகிற பிள்ளைகளுக்கே தெரியும். நாம்தான் தெரியாத மாதிரி அந்தக் கடையைத் தாண்டிப் போவோம். 2022 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாடு முழுக்க உறுதிமொழி எடுத்தார்களே, அன்றைக்கு நானும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்களைச் சொல்கிறேன்.

எனக்குச் சாப்பாட்டு வரிசையிலேயே தெரிந்துவிடும். மிளகு முட்டை என்றால் முண்டியடித்து வருகிற பையன், ஒருநாள் முட்டையைக் கழுவித் தரச் சொல்வான். சாம்பார் சாதம் எரிகிறது என்பான். வாயைப் பாதி திறந்து, ஓரமாகச் சோற்றைத் தள்ளுவான். உதட்டுக்குள் அந்தப் புகையிலைப் பொட்டலத்தை வைத்து வைத்து உள்ளே வெந்திருக்கும். பாக்கும் சேர்ந்ததைப் போட்டுப் பழகினால் வாயே திறக்க முடியாமல் இறுகிப்போகும் என்று முகாமுக்கு வந்த பல் டாக்டர் சொன்னார். புகை கிடையாது. பாடம் நடக்கும்போதே வாயில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கலாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? குறை சொல்லவில்லை. கரண்டி என் கையில் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன்களின் அம்மாக்களை நான் ரேஷன் கடை வரிசையில்தான் பிடிப்பேன். பள்ளிக்கூடத்துக்கு வாங்க என்று ஆள் அனுப்பினால் பாதிப் பேர் பயந்துபோய் வர மாட்டார்கள்.

சரி, சுற்றிச் சுற்றி எத்தனை நேரம் எழுதுவது. மாப்பிள்ளை சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்புப் பையனாம், பையில் ஏழெட்டுப் பொட்டலமாம், நீதான் எடுத்தாயாம், டி.சி. கொடுத்து அனுப்புவது என்று முடிவாம். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. ஓசூரில் ராத்திரி ஷிப்டில் அவருக்கு வேலையே ஓடவில்லையாம்.

பிள்ளைகள் எல்லாரும் பார்க்க அவன் பையைக் கொட்டினாயா? அப்படித்தான் செய்தாய் என்றால் அது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். உன்னிடம் ஒரு பையன் பயப்படுவான் என்றே எனக்கு நம்ப முடியவில்லை. ஆனாலும் பார்த்தும் பார்க்காத மாதிரி போகாமல் நின்றாயே, அதற்கு என் பிள்ளை நீ.

எட்டாவது முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 16-ம் பிரிவு இருக்கிறது. நீ டெட் பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியதுதான். அதனால்தான் யாரும் நீக்கினோம் என்று எழுத மாட்டார்கள். சொந்தக் காரணத்துக்காக அவன் அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டு போனது மாதிரி ஒரு விண்ணப்பம் இருக்கும். மாங்கூழ் கம்பெனியில் விடிய விடிய வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வருகிறவள், நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். சீசன் முடிகிற வரைக்கும் அவளும் ராத்திரி வீட்டில் இல்லை, லாரிக்குப் போன அப்பனும் இல்லை. அவன் சாயங்காலம் எங்கே போவான் என்று உங்கள் ஆபீஸ் ரூமில் யாராவது கேட்டார்களா?

சின்ன மாமாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுத்தபோது நீ பிறக்கவில்லை. கேட்டுக் கேட்டு உனக்கு நேரில் பார்த்த மாதிரி ஆகியிருக்கும். அன்றைக்குப் பிடிபட்டது ஒரு பீடி, அவ்வளவுதான். காலை பத்து மணிக்குப் போக இடமில்லாத பையனுக்கு இடம் கொடுக்க ஊரில் ஆள் இருந்தார்கள். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். பாட்டி சங்கிலி வரைக்கும் உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் உனக்குச் சொன்னதில்லை. சென்னை இந்திரா நகரில் டிடிகே ஆஸ்பத்திரியில் மாமாவைச் சேர்த்தபோது, கூட வந்தவர்களும் வகுப்புக்கு வரவேண்டும் என்றார்கள். குடித்தவன் அவன், எனக்கு எதற்கு வகுப்பு என்று எனக்கு அப்படிக் கோபம் வந்தது. 1980-ல் அதை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர். வீட்டு ஆட்களையும் உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை. பாட்டி ஒளித்து ஒளித்துக் காசு கொடுப்பார், தாத்தா பெல்ட்டை எடுப்பார், பள்ளிக்கூடம் கையைக் கழுவிவிட்டது. மூன்று பேரும் ஒருநாள்கூட ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

அதனால்தான் சொல்கிறேன், தனியாகச் செய்யாதே. டி.சி. கொடுக்கவும் விடாதே, தனியாக மல்லுக்கு நிற்கவும் நிற்காதே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்று சிரிக்காதே.

பொட்டலம் ஏழெட்டு என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது அவன் போட இல்ல, மத்த பசங்களுக்கு விக்க யாரோ குடுத்திருக்கான்" என்றார். அவருக்குத் தெரியாதா? பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிட்டவர்தானே. உள்ளே நான் முட்டை உரித்துக்கொண்டிருப்பேன், வெளியே அது தொங்கும். 2013-ல் குட்காவுக்குத் தடை வந்ததும் எடுத்தார். மனசு மாறி எடுக்கவில்லை, அதிகாரிகள் வருவார்கள் என்று எடுத்தார். உன் பி.எட். பீஸில் அந்தக் காசும் இருக்கிறது. இதைப் படித்தால் கோபப்படுவார், படிக்கட்டும். அவர் இன்னொன்றும் சொன்னார். கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டால் சரக்கு அடுத்த தெருவுக்குப் போகுமே தவிர நிற்காதாம். பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறவனைப் பிடிக்க வேண்டுமாம்.

பிள்ளைகளுக்குப் புகையிலையோ வேறு போதைப் பொருளோ கொடுக்கிறவனுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில், 2015-ல் வந்ததே அதில், 77-ம் பிரிவில் ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பிள்ளையை வைத்து விற்கச் சொல்கிறவனுக்கு 78-ம் பிரிவில் அதே தண்டனை. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த எஸ்.ஐ. அம்மா வாயால் கேட்டு எழுதி வைத்தேன். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். உங்கள் பள்ளி வாசலில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களா, அழிந்துவிட்டதா பார். தண்டனை விற்கிறவனுக்கு என்று சட்டமே சொல்லும்போது, டி.சி. மட்டும் அந்தப் பையனுக்கா?

புகாரில் உன் பெயர் இருக்கவே கூடாது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தலைவியும் ஓர் அம்மாதான். கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல். குழுவின் பெயரில் போகட்டும். போலீசுக்குச் சொல்ல 10581, பிள்ளைக்கு உதவி கேட்க 1098, பழக்கத்தை விடுவது பற்றிக் கேட்க 14446. 2025-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் கலங்கரை என்று போதை மீட்பு மையம் திறந்தார்கள், உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது என்று அந்த நம்பரிலேயே விசாரி. பதின்மூன்று வயசுப் பையன், புகையிலையோடு நிற்கிறான் என்றால் இப்போதே திருப்பிவிடலாம். மாமாவுக்கு இப்படி ஒரு நம்பர்கூட இல்லை.

பஸ் ஸ்டாப்பில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றியும் மாப்பிள்ளை சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். வண்டி நம்பரைப் பார்த்தாயா? தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்தாயா? இதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ராத்திரியில் கண்ணே மூடவில்லை. வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். நீ வரமாட்டாய். வந்தால் எனக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி மதுரையில் பெங்களூர் பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிருஷ்ணகிரியில் இறங்குகிறேன். ஸ்டாண்டுக்கு நீ வராதே, அந்த நேரத்தில் தனியாக நிற்காதே. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் என்றால் நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். பருப்புப் பொடி கொண்டு வருகிறேன். மத்தியானம் அந்தப் பையனின் அம்மா தூங்கி எழுந்த பிறகு நாம் இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போவோம். நீ டீச்சராகப் பேச ஆரம்பித்துவிடாதே, முதலில் நான் பேசுகிறேன். எத்தனை அம்மாக்களிடம் பேசியிருக்கிறேன். குழுத் தலைவியையும் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டு வை. வேண்டாம் என்று சொல்ல எனக்குப் போன் பண்ணாதே, அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான்.

அதுவரைக்கும் ஆபீஸ் ரூமில் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அம்மா